கோர்ட்டுக்கு வந்த ஒப்பாரி

குளுவாங் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தமிழில் சொன்னதை மலாயில் சொல்ல வேண்டும், மலாயில் கேட்டதைத் தமிழில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அந்த வேலைக்கு வந்தேன். அந்த நாட்களில் எனக்கு முன்கோபம் அதிகம். இப்போது குறைந்துவிட்டது என்று நான் சொன்னால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பெயர் வெட்டப்பட்டவர்களை ரயிலேற்றிச் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஒருவரும் இல்லாதவர்களுக்கும் அதே கப்பல்தான். அதனால் தோட்டத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் கோர்ட்டுக்கு வந்ததெல்லாம் கள்ளுக்கடைச் சண்டை, கோழித் திருட்டு, அடுத்தவன் பெண்டாட்டி விவகாரம். இந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு நாள் அந்த ஒப்பாரி வழக்கு வந்து சேர்ந்தது.

பாலோவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்தின் பெரிய கங்காணி கொடுத்த புகார். அவரிடம் ரப்பர்ப்பால் எடுக்கும் ஒரு பால்வெட்டுக்காரி, தன் புருஷன் பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தோட்டமே கூடியிருக்கும்போது, கங்காணிதான் அவனைக் கொன்றார் என்று பாடிவிட்டாளாம். தன் நல்ல பெயர் போய்விட்டது, இது அவதூறு, சட்டப்படி தண்டிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அத்தாட்சியாக, அவள் பாடியது முழுவதையும் தோட்டத்துக் கிராணியை வைத்து நான்கு பக்கத்துக்கு எழுதி இணைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. ஒப்பாரியை யாராவது எழுதி வைப்பார்களா? எழுதினாலும் அதைக் கொண்டுவந்து சர்க்கார் காகிதத்தோடு சேர்த்துத் தைப்பார்களா?

எங்கள் வீடுகளில் மவுத் ஆனால் சத்தம் போட்டு அழக்கூடாது என்பார்கள். ஆனால் வாப்பா கடை வைத்திருந்த தெப்ராவில், பக்கத்துத் தோட்டத்து லயங்களில் சாவு விழும்போதெல்லாம் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவன் நான். அதற்கும் ஒரு சட்டம் உண்டு, அது எனக்குத் தெரியும். எழவு வீட்டில் பெண் பாடுவதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. மாமியாரைத் திட்டலாம், கொழுந்தனைத் திட்டலாம், செத்துக் கிடப்பவனையே திட்டலாம். திட்டு வாங்குகிறவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலை குனிந்து நிற்க வேண்டும். பிணம் எடுத்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால், எடுத்தவருக்குத்தான் அசிங்கம்.

கங்காணியும் முதலில் அப்படித்தான் நின்றிருக்கிறார். கோடித் துணியோடு வந்து, போர்த்திவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவரைக் கண்டதும் அவள் பாட்டைத் திருப்பிவிட்டாள். காய்ச்சலோடு கிடந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப் பெரட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார், அந்த ஆளெடுப்பில் மூன்று காலையும் அவன் பெயரை வேலைக்கே போட்டார், மூன்று காலையும் மரத்துக்கு விரட்டினார், நான்காம் நாள் வாளியோடு மரத்தடியில் சாய்ந்தவன் எழவில்லை. இதுதான் பாட்டின் சாரம். கங்காணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பிணம் போன பிறகும் பாட்டு போகவில்லை. பால் கோப்பை கழுவும் இடத்தில் பெண்கள் வாய்க்குள்ளேயே அதை முனகினார்கள். அவர் பக்கத்தில் வந்தால் நிறுத்தினார்கள், தாண்டிப் போனதும் தொடர்ந்தார்கள். துரை புதிதாக வந்தவர், கங்காணிகளையும் குறைக்கப்போகிறார் என்று பேச்சு. அடுத்தது தன் பெயர்தான் என்று இவர் பயந்தார். கோர்ட்டிலிருந்து தனக்கு ஒரு நல்ல பெயர் எழுதி வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

எங்கள் மாஜிஸ்திரேட் மலாய்க்காரர், ஜொகூர் பாருவில் பிறந்தவர். மெல்லிய குரல், யாரையும் அதட்ட மாட்டார். எதையும் முழுதாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. நான்கு பக்கத்தையும் சொல் சொல்லாக மலாயில் சொல் என்றார். அவள் எதிரே குற்றவாளிக் கூண்டில் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கூண்டின் கம்பியைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டே இருந்தது.

முதல் வரியிலேயே இடறினேன். "ஏழு மாடி கட்டி எழுந்தருளும் என் ராசா." ராசா என்பதை நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை, மலாயிலும் அதே சொல்தான். துவான் மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த ராஜா?" என்று மலாயில் கேட்டார். சுல்தான் இருக்கும் நாட்டில் இன்னொருவரை ராஜா என்றால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும்.

"செத்துப்போன புருஷனைச் சொல்கிறாள், துவான்."

"அவன் ராஜாவா?"

"பால்வெட்டுக்காரன், துவான்."

"ஏழு மாடி?"

"லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறை, துவான்."

இரண்டாம் பக்கத்தில் வாசலில் யானை கட்டியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் முத்துப் பல்லக்கு. நான் வேர்த்து விறுவிறுத்து மலாயில் யானையையும் பல்லக்கையும் இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. நாலாம் பக்கம் முடிந்ததும் கங்காணியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி என் தலைக்குள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"யானை பொய், மாடி பொய், ராஜா பொய். நீயே ஒத்துக்கொள்வாய். அப்படியானால், நீ கொன்றாய் என்பது மட்டும் எப்படி உண்மையாகச் சொன்னதாகும்? யாரும் நம்ப வேண்டும் என்று சொல்லாததை வைத்து உன் பெயர் எப்படிக் கெடும்?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நியாயம்தானே என்று தோன்றியது. உடனே, இல்லையே என்றும் தோன்றியது. யானை இல்லை என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மூன்று காலை பெரட்டு நடந்ததும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரே பாட்டில் இரண்டும் இருக்கிறது. எது எதுவென்று பாடுகிறவளுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். காகிதத்தில் எழுதினால் மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

மாஜிஸ்திரேட் சாட்சியைக் கூப்பிடச் சொன்னார். ஒப்பாரியில் உடன் பாடிய ஒரு கிழவி வந்தாள், வெற்றிலை வாயோடு. அந்தப் பெண் பாடியதை அப்படியே சொல்லிக்காட்டு என்றதும் கிழவி திடுக்கிட்டாள்.

"பாட்டா வருங்க, பேச்சா வராது ஐயா."

"சரி, பாட்டாவே பாடு."

"இங்கேயா? எழவு விழாம எப்படிங்க பாடுறது? பாடுன எடத்துல ஒரு எழவு விழுந்துடும்ல!"

அவள் சொல்லிவிட்டு, வேண்டுமென்றா தற்செயலாகவா தெரியாது, கங்காணியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குழந்தை தவிர அத்தனை பேரும் பார்த்தார்கள். கங்காணி சட்டென்று எழுந்துவிட்டார்.

"பாய், வேணாம் பாய்! பாட வேணாம்னு துவான்கிட்ட சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

புகார் கொடுத்தவரே அத்தாட்சியைத் தடுக்கிறார். மாஜிஸ்திரேட்டுக்கு இதை விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. செத்தவர்களுக்கு முன்னால் கத்தி அழுவதே தவறென்று வளர்ந்த மனிதர் அவர். பிணமில்லாமல் பாடினால் உயிரோடு இருப்பவரைப் பிணமாக்குவது போல் என்று நான் சொன்னதும், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, கடைசியாக அந்தப் பெண்ணையே கேள் என்றார். "பாடும்போது, இவர் உன் புருஷனைக் கொன்றார் என்று கேட்பவர்கள் நம்ப வேண்டும் என்று நினைத்தாயா? அல்லது யானை மாதிரி, துக்கத்தில் வந்த சொல்லா?"

துக்கத்தில் வந்தது என்றால் அவள் வீட்டுக்குப் போகலாம். நம்ப வேண்டும் என்றுதான் பாடினேன் என்றால், அதை அவள் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் தண்டனை. தண்டனை என்றால் தோட்டத்தில் பெயர் வெட்டு, கப்பல். இதெல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் கேள்வியைத் தமிழில் கேட்டபோது, துக்கத்தில் என்ற இடத்தில் குரலை அழுத்தி, பிடித்துக்கொள் அம்மா என்கிற மாதிரித்தான் கேட்டேன்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நம்பணும்னுதான் ஐயா பாடினேன். நெசந்தானே? மூணு விடியலும் நான் பாத்தேன். வேற எங்க போயி இதச் சொல்லுவேன்?"

குழந்தை அப்போது கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் கையை நீட்டியது. அதனால்தான் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கங்காணி மேல் எனக்கு ஆத்திரம், நான்கு பக்கம் யானை சுமந்த களைப்பு, எல்லாவற்றுக்கும் மேல் இந்தப் பெண்ணை நான்தான் காப்பாற்றப்போகிறேன் என்ற திமிர். நான் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி மலாயில் சொன்னேன்: "துக்கத்தில் வந்த சொல்லாம், துவான். அவர்கள் வழக்கம் அது. யாரையும் குற்றம் சொல்ல அவள் நினைக்கவில்லையாம்."

மாஜிஸ்திரேட் நிம்மதியாக எழுதினார். வழக்கு தள்ளுபடி, நீ போகலாம் என்றார். அவள் என்ன நடந்ததென்று புரியாமல் கும்பிட்டாள். கங்காணிக்குச் சந்தை மலாய் தெரியும். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் எழுந்து ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் விளங்கியது. பாலோவிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள், குழந்தையோடு. என் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, குழந்தைக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். அவள் உட்கார்ந்தும் உட்காராததுமாகக் கேட்டாள்.

"ஐயா, நான் கோர்ட்டுல பொய்னு சொன்னேனா?"

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன்.

"கங்காணி பெரட்டுல வச்சு எல்லாருக்கும் சொல்லிட்டாருங்க. கோர்ட்டுல அவளே ஒத்துக்கிட்டா, அழுகையில ஒளறிட்டேன்னு சொல்லி எழுதிக் குடுத்திருக்கான்னு சொன்னாரு. பாட்டு பாடுன பொம்பளைங்க எல்லாம் என்னைய ஒரு மாதிரிப் பாக்குறாங்க. நான் அப்படிச் சொல்லலையே ஐயா?"

"சொல்லலைம்மா. நான்தான்... உன் நல்லதுக்காக..."

"என் நல்லதை ஒங்கள யாரு கேட்டா?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. உன்னை ஜெயிலிலிருந்து காப்பாற்றினேன், பிள்ளையோடு நீ கப்பலேறாமல் இருக்கிறாய், அதற்கு நன்றி இதுதானா என்று கத்தினேன். குழந்தை அழுதது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அழாமல் சொன்னாள்.

"அவரு செத்த அன்னைக்கே துரைகிட்டப் போயிச் சொன்னேன் ஐயா. துரைக்குத் தமிழ் தெரியாது. கங்காணிதான் பக்கத்துல நின்னு துரைக்கு எடுத்துச் சொன்னாரு. என்ன சொன்னாரோ, துரை தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. அப்பறந்தான் பாடினேன். அங்க அவரு மாத்திச் சொன்னாரு. இங்க நீங்க."

அவள் போன பிறகு நான் சோறு உண்ணவில்லை. என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள், "ஏன் மச்சான், அவ வாயில இருந்தத எடுத்துப்போட்டுட்டு ஒங்க சொல்லை வச்சு அடைச்சுட்டு, அவளையே வையுறீங்களே! நல்லா இருக்கா இது?" அவளையும் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னது சரியென்று தெரிந்தது, அதனால் இன்னும் உரக்கத் திட்டினேன்.

மறுநாள் மாஜிஸ்திரேட் அறைக்குப் போனேன். நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியம் செய்தவன் பொய் சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும். வாசல்வரை இருந்த தைரியம் உள்ளே போனதும் ஓடிவிட்டது. பொதுவாகக் கேட்கிற மாதிரி, ஒருவர் செய்த தவறை இன்னொருவர் வெளியே சொல்வது எப்போது குற்றமாகிறது, துவான் என்று கேட்டேன். அவருக்கு அப்படிப்பட்ட கேள்விகள் பிடிக்கும். கோப்பியை எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்.

ஜனங்கள் பேசத்தான் வேண்டும் என்றார். பேசாவிட்டால் எங்கே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வாயை அடைத்தால் கை நீளும், பாராங்கத்தியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பே பேச விட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்கள் என்றார். ஆனால் இன்னொருவன் பெயரும் அவனுக்கு ஒரு சொத்துத்தான், அதை நினைத்தவரெல்லாம் உடைக்கக் கூடாது. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்வதால் ஊருக்கு நன்மையும் இருக்க வேண்டும். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு முறையிட்டால் குற்றமில்லை. கூட்டத்தில் கத்தினால் குற்றம்.

"அந்த அதிகாரம் உள்ளவருக்குப் பாஷை தெரியாவிட்டால், துவான்?"

"அதற்குத்தானே உன்னைப் போன்றவர்கள் இருக்கிறீர்கள்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

கோப்பி உள்ளே இறங்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரி. சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெண் நிற்பதற்கு ஓரிடமும் இல்லை. அவள் துரையிடம் போனாள், அது முறை. அது அவளுக்கு உதவவில்லை. பாடினாள், அது அவர்கள் முறை. அங்கே என்னவும் சொல்லலாம், ஆனால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் நினைத்ததைச் சொல்ல முடியாது. இந்த ஒப்பாரிச் சட்டம் பெரிய மனதுள்ளது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அது பெரிய மனதா, காதைப் பொத்திக்கொள்ளும் தந்திரமா? இன்னொன்றும் குழப்பியது. காய்ச்சல் அந்த வருடம் எல்லாத் தோட்டங்களிலும் ஆளை வாரிக்கொண்டு போனது. மூன்று நாள் படுக்கவிட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? கங்காணி கொன்றாரா, கொசு கொன்றதா? கங்காணிக்கும் ஒரு பயம் இருந்ததே, பெரட்டில் ஆள் குறைந்தால் அவர் தலைக்கு வருமே! எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கோப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே கங்காணி, அதே பெண், புதுப் புகார். இந்த முறை பாட்டில்லை. விடிகாலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நின்றபோது, அவள் வரிசையை விட்டு முன்னால் வந்து, பேச்சாகவே சொல்லியிருக்கிறாள். யானை இல்லை, மாடி இல்லை. காய்ச்சலோடு என் புருஷனை மூன்று விடியல் மரத்துக்கு விரட்டினீர்கள், அதனால் செத்தார், கோர்ட்டில் நான் இதைப் பொய் என்று சொல்லவில்லை. இவ்வளவுதான். கிராணி இந்த முறை மூன்று வரிதான் எழுத வேண்டியிருந்தது.

அவள் பெயரைத் தோட்டம் அன்றைக்கே வெட்டிவிட்டது. லயத்து அறையைப் பூட்டிவிட்டார்கள். அவள் கூண்டில் ஏறும்போது ஒரு துணி மூட்டையும் கூடவே இருந்தது. என்னைப் பார்த்தாள். வெறுப்பு இல்லை அந்தப் பார்வையில். இந்த ஆள் இன்றைக்கு என்ன செய்யப்போகிறான் என்று கவனிக்கிற பார்வை.

மாஜிஸ்திரேட் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். அவள் சொன்னாள், நான் மலாயில் சொன்னேன், ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அவள் புருஷனுக்கு எந்தக் காலையில் உடம்பு எப்படிக் கொதித்தது, கங்காணி என்ன வார்த்தை சொன்னார், அவன் எந்த மரத்தடியில் விழுந்தான், எல்லாவற்றையும் சொன்னேன். போன முறை அப்படி நினைக்கவில்லை என்றாயே என்று அவர் அவளைக் கேட்டார். அதையும் தமிழில் அவளிடம் கேட்டேன். என் கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எனக்கு விவரம் பத்தலைன்னு சொல்லுங்க" என்றாள்.

யா அல்லாஹ்! என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டாள். உண்மைக்காக அடம்பிடித்து வந்து நிற்கிறவள் எனக்காக ஒரு பொய் சொன்னாள். அதையும் அப்படியே மலாயில் சொன்னேன். அவள் சொன்னதைச் சொல்வதுதானே என் வேலை?

சாட்சிக்கு அந்தக் கிழவியைக் கூப்பிட்டார்கள். நான் கண்ணால ஒண்ணும் பாக்கலைங்க என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வேறு யாரும் வரவில்லை. மலேரியாவால் இறந்தான் என்று தோட்டத்துத் துரை கொடுத்த கடிதம் மேசையில் இருந்தது. மாஜிஸ்திரேட் அதை எடுத்து மறுபடியும் படித்தார். அவருக்கும் மனம் சரியில்லை என்று தெரிந்தது. கடைசியில், இந்தப் பெண் இப்போதே கங்காணியிடம் மன்னிப்புக் கேட்டால் இதோடு விட்டுவிடுகிறேன் என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மாஜிஸ்திரேட் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிறாளாம் என்று நான் ஒரு வரி சொன்னால் போதும். கங்காணியும் மறுக்க மாட்டார். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரி என் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கியது போல் கசப்பான ஒன்றை நான் அதற்கு முன்பும் விழுங்கியதில்லை, பிறகும் விழுங்கியதில்லை.

"மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்கிறாள், துவான்."

பதினான்கு நாள் சிறை என்று தீர்ப்பாயிற்று. குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்றார். வாக்குமூலத்தின் அடியில் கைநாட்டு வாங்கச் சொல்லிக் காகிதத்தை என்னிடம் தந்தார். நான் மைப் பட்டையோடு அவளிடம் போனேன். அவள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

படித்துக் காட்ட வேண்டியது முறைதான். தீர்ப்புக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும், அவசரத்தில் மறந்துவிட்டோம். மாஜிஸ்திரேட் சரியென்று தலையசைத்தார். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பின்னால் நாலைந்து வரிசை உட்கார்ந்திருந்தார்கள். நான் மலாயில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தமிழில், அவள் பேசுவது போலவே, என் குரலில் படித்தேன். கோர்ட்டில் அதுதான் வழக்கம், நான் என்றுதான் சொல்ல வேண்டும். "என் புருஷன் காய்ச்சலில் கிடந்தார். இந்தக் கங்காணி அவரை மூன்று காலையும் பெரட்டுக்கு இழுத்துப்போய் மரத்துக்கு விரட்டினார். அதனால் என் புருஷன் செத்துப்போனார்." சத்தமாகப் படி என்று மாஜிஸ்திரேட் சொன்னார், மறுபடியும் உரக்கப் படித்தேன். கிழவி முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு அழுதாள். கங்காணி என்னை ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ட்டுக் காகிதத்தில் உள்ளதைக் கோர்ட்டில் படித்தவன் மேல் வழக்குப் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

"மூணு காலையும் எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்கும்மா."

"எப்பவும் இருக்குமா?"

"இருக்கும்."

கட்டைவிரலை மையில் வைத்து அழுத்திவிட்டு, அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு போலீஸ்காரர் பின்னால் போனாள். பதினான்கு நாள் கழித்து அவளையும் குழந்தையையும் சிங்கப்பூர் ரயிலில் ஏற்றினார்கள். அந்தச் சொற்களைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது அது. அதே சொற்களை அவளைவிட உரக்க, இரண்டு தடவை சொன்ன என்னை, கோர்ட்டு கலைந்ததும் மாஜிஸ்திரேட் கூப்பிட்டு, தொண்டை காய்ந்திருக்கும், வா, கோப்பி குடிக்கலாம் என்றார்.